தெள்ளுக்கு மருந்து கேட்டு வந்தவர்கள்

“அந்த மிருக மருந்துக் கடையில ஒரு பிள்ளை நிக்குதெல்லே, அது வாய் திறந்து நான் கண்டதில்லை. திறந்தால் ஒரே கேள்விதான். நாய் எத்தினை கிலோ?”

கிளிநொச்சியில் ஒரு தையல் கடைத் திரைக்குப் பின்னால், சட்டைக்கு அளவு கொடுக்கக் கைகளை விரித்தபடி நான் நின்றபோது, வெளியே ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் சொன்னது இது. அந்தப் பிள்ளை நான்தான். அவர்கள் போகும்வரை திரையை விலக்காமல் நின்றேன். தையல்கார அக்கா அளவு நாடாவைப் பல்லில் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்.

நாய்க்கு வயிற்றுப் பூச்சிக் குளிசையும், மயிருக்குள் ஓடும் தெள்ளுக்கு மருந்தும் விற்கிற தொழிலில் நோயாளி கதைக்காது. நோயாளியை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்தான் எல்லாவற்றையும் கதைப்பார். விலங்கியலில் பட்டம் எடுத்துவிட்டு அரச வேலைக்குக் காத்திருக்கும் காலத்தில் இந்தக் கடையில் சேர்ந்தேன். முன்பக்கம் மாட்டுத் தீனும் கோழித் தீனும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். பின்பக்கம் மருந்து அலுமாரி. கடையில் மூன்று பேர்: முதலாளி, கல்லாவில் இருக்கும் ரஜனி அக்கா, நான். ரஜனி அக்கா எனக்கும் சேர்த்துக் கதைப்பார் என்பதால் எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது.

நாய் வளர்க்கிறவர்களே, குளிசையை வாய்க்குள் வைத்து, வாயைப் பொத்திப் பிடித்து, தொண்டையைத் தடவி, “நல்ல பிள்ளை” என்று சொல்லி விட்டபிறகு, அதே குளிசையைக் கதிரைக்கு அடியில் ஈரமாகக் கண்டெடுத்தவர்களே, நீங்கள் தனி ஆட்கள் இல்லை. உங்களைப் போன்றவர்கள் நாள் முழுக்க எங்கள் கடைக்கு வருகிறார்கள்.

ஆட்டுக் கணக்கு

எத்தனை கிலோ என்று நான் கேட்பது கதைக்க வேறு விஷயம் இல்லாமல் அல்ல. பூச்சிக் குளிசையை எடை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். குறைந்தால் பூச்சி சாகாது. கூடினால் நாய் பாடுபடும். ஆனால் வன்னியில் நெல்லை நிறுப்பார்கள், ஆட்டை நிறுப்பார்கள், நாயை யாரும் நிறுப்பதில்லை. அதனால் எனக்குக் கிடைக்கும் பதில்கள் இப்படி இருக்கும்: “ஒரு நடுத்தரக் கிடாய் அளவு.” “உரப் பை ஒண்டு தூக்கிற பாரம்.” ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “உங்களிலும் கொஞ்சம் குறைவு” என்றார்.

ஒரு ஐயா தன் நாய் முப்பது கிலோ என்று அடித்துச் சொன்னார். அதை ஒருமுறை கடைக்கு வெளியே கண்டிருந்ததால் எனக்குச் சந்தேகம். தீன் மூட்டை நிறுக்கும் தராசில் நாயைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை, தனியாக ஒருமுறை ஏறி நின்றால் போதும், கழித்துப் பார்க்கலாம் என்றேன். அடுத்த நாள் நாயோடு வந்தார். சந்தைக்கு வந்த சனமெல்லாம் பார்க்க, நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தராசில் ஏறினார். நாய் அவருடைய காதை நக்கியது. பிறகு தனியாக ஏறினார். கழித்தால் பதினைந்துதான் வந்தது. ஐயா தராசை ஒருமுறை காலால் தட்டிப் பார்த்தார். பிறகு கவுண்டருக்குக் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்.

“குளிசையைப் பதினைஞ்சுக்குத் தாங்கோ பிள்ளை. ஆனா ஆரும் கேட்டால் முப்பதெண்டு சொல்லுங்கோ. ஊர் முழுக்க அப்பிடித்தான் சொல்லி வைச்சிருக்கிறன்.”

வதனி அக்காவின் பை

வதனி அக்கா வட்டக்கச்சியில் இருந்து பன்புல்லில் இழைத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். பைக்குள் மரக்கறி இருக்கும் என்று நினைத்தேன். அவர் அதைக் கவுண்டரில் வைத்துத் திறந்தபோது, ஒரு பழைய துவாயில் சுற்றிய நாய்க்குட்டி இருந்தது. பிறந்து மூன்று கிழமைதான். வயிறு பந்துபோல ஊதியிருக்க, மற்ற இடமெல்லாம் எலும்பு. மயிரை விலக்கினால் தெள்ளுகள் மணலில் எள்ளுப்போல ஓடின.

“கடையில இருக்கிறதுக்குள்ள ஆகப் பலமான மருந்தைத் தாங்கோ, தங்கச்சி” என்றார்.

பலமான மருந்துதான் இந்தக் குட்டிக்கு ஆபத்து. பிடரியில் விடும் துளி மருந்தை இவ்வளவு சின்னக் குட்டிக்கு விடக் கூடாது. அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். பல் முரசு கடதாசி போல வெளிறி இருந்தது. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. ரஜனி அக்காவிடம் சொல்லிவிட்டு, வதனி அக்காவைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீதியில் இருக்கும் மிருக வைத்தியரிடம் நானே நடந்து போனேன். வைத்தியர் குட்டியைப் புரட்டிப் பார்த்து, “இதின்ர உடம்பில இருக்கிற இரத்தத்தில பாதி தெள்ளின்ர வயித்துக்குள்ள இருக்கு” என்றார். இரத்தம் ஊற ஒரு பாணி மருந்து கொடுத்தார். குட்டிகளுக்கு எடை பார்த்துப் பூச்சிப் பாணி, அதே நாளில் தாய்க்கும் பூச்சிக் குளிசை, பால் கொடுக்கிற தாய்க்கு ஒத்துவரும் ஒரு தெள்ளு மருந்து. குட்டிகளுக்குத் தெள்ளு மருந்து இல்லை. பேன் சீப்பால் வாரி, வாரியதைச் சவர்க்காரத் தண்ணீரில் போட வேண்டும், அவ்வளவுதான்.

திரும்பி நடக்கும்போது வதனி அக்கா விஷயத்தைச் சொன்னார். றோசி என்கிற அவருடைய நாய் போன முறை ஈன்ற ஐந்து குட்டிகளும் ஒரு மாதம் முடிவதற்குள் ஒவ்வொன்றாகச் செத்துப் போயின. இந்த முறை நான்கு. பையில் இருப்பது கடைக்குட்டி. 

“போன முறை அஞ்சையும் என்ர மனிசன்தான் கிடங்கு வெட்டித் தாட்டவர். இது ராசியில்லாத நாய், இந்த முறை ஒண்டு செத்தாலும் றோசியைக் கொண்டுபோய்ச் சந்தையில விட்டிட்டு வருவன் எண்டு சொல்லிப்போட்டார், தங்கச்சி. இவர் சொன்னால் செய்வார்.”

பூனைக்கும் பாதி

நாய்க்கு ஒன்று, பூனைக்கு ஒன்று என்று வாங்குவது வீண் செலவு என்று ஒரு ரீச்சர் முடிவெடுத்திருந்தார். நான் எடுத்து வைத்த நாய்த் துளி மருந்தைப் பார்த்து, “பாதியை நாய்க்கு விட்டு மிச்சத்தைப் பூனைக்கு விடட்டோ?” என்று கேட்டுக்கொண்டே கைப்பையில் போட்டார். நாய்க்கான அந்த மருந்து பூனைக்கு நஞ்சு. ஒரு துளி போதும், நடுக்கம் எடுத்துவிடும்.

“வேண்டாம்!” என்றேன். சொன்னேன் என்பதை விடக் கத்தினேன் என்பதே சரி. அப்படி ஒரு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. ரீச்சர் மருந்தைத் திரும்ப வைத்துவிட்டு, பூனைக்கெனத் தனியாக ஒன்று வாங்கிக்கொண்டு, வகுப்பில் பிழை விட்ட பிள்ளை மாதிரி அமைதியாகப் போனார். நான் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டேன். ரஜனி அக்கா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்:

“பூனை தப்பிட்டுது. முதலாளிக்குத்தான் தேத்தண்ணி சட்டையில ஊத்துப்பட்டிட்டுது.”

மாட்டுக்கு ஊற்றியதில் மிச்சம்

நெடுங்கேணியில் இருந்து ஒரு அண்ணை போத்தலோடு வந்தார். காட்டோரத்தில் மாடு மேய்கிறதால் உண்ணி தாங்க முடியாமல், மாட்டு முதுகில் ஊற்றும் மருந்தை வாங்கிப்போய் ஊற்றியிருக்கிறார். உண்ணி பொலபொலவென்று கொட்டிவிட்டது. போத்தலில் மிச்சம் இருக்கிறது. வீட்டில் நாயும் இருக்கிறது. எந்த அளவு என்று மட்டும் கேட்டுப் போக வந்திருக்கிறார்.

இந்தப் பிழையை வேறு ஊர்களில் அதிகம் காண முடியாது என்று நினைக்கிறேன். இங்கே மாடும் ஆடும் நாயும் ஒரே வளவுக்குள்தான் படுத்து எழும்புகின்றன. ஒன்றுக்கு வாங்கியது மற்றதற்கும் என்பதுதான் வழக்கம். தவிடும் அப்படித்தான், கஞ்சியும் அப்படித்தான், மருந்தை மட்டும் ஏன் பிரிக்க வேண்டும் என்று அவர்கள் கேட்பதில் ஒரு நியாயமும் இருக்கிறது.

நான் கூடாது என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னொருமுறை கூடாது என்றேன்.

“மாடு செத்ததோ? இல்லையே.”

“மாடு எவ்வளவு பெரிசு அண்ணை. நாய் சின்னன். அதின்ர உடம்பில ஊத்தினதை அது முழுக்க நக்கி விழுங்கிப்போடும்.”

அவர் யோசித்தார். போத்தலை மூடி இறுக்கினார். நான் நாய்க்கான மருந்தை எடுத்து, குளிப்பாட்டி இரண்டு நாள் விட்டு, பிடரியில், நாக்கு எட்டாத இடத்தில் விட வேண்டும், விட்டபிறகும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது என்று விளக்கினேன்.

“நக்கும் எண்டது சரிதான் தங்கச்சி. அது உடம்பை மட்டுமில்லை, என்ர மண்வெட்டிப் பிடியையும் நக்கும். இனி மாட்டு மருந்து ஊத்தேக்க மண்வெட்டியையும் எட்ட வைக்கிறன்.”

இடியப்பம்

வதனி அக்கா இரண்டாவது முறை வந்தபோது பையில் குட்டி இல்லை. நல்லவேளை, நான்கும் உயிரோடுதான் இருந்தன. பூச்சிப் பாணி கொடுத்த அடுத்த நாள் காலையில், வளவு முழுக்கப் பூச்சி வெளியேறிக் கிடந்ததாம். “இடியப்பம் மாதிரி, தங்கச்சி. அண்டைக்கு நான் இடியப்பம்தான் அவிச்சு வைச்சிருந்தனான். ஒருதரும் தொடேல்லை.” ஊதிய வயிறுகள் வற்றிவிட்டன. மூன்று குட்டிகள் ஓடத் தொடங்கிவிட்டன.

கடைக்குட்டி மட்டும் தேறவில்லை. தெள்ளுதான் காரணம். தாய்க்கு மருந்து விட்டு, குட்டிகளைக் காலையும் மாலையும் சீப்பால் வாரி, ஒரு தெள்ளும் இல்லாமல் செய்தால், அடுத்த நாள் திரும்ப ஏறிவிடுகின்றன. மருந்து பழசோ என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். மருந்து பழசில்லை. நான் யோசித்துவிட்டு, குட்டிகள் எங்கே படுக்கின்றன என்று கேட்டேன்.

“கொட்டிலுக்குள்ள. நெல்லுச் சாக்குக் கட்டு இருக்கு. அதுக்கு மேலதான் றோசி போன முறையும் ஈண்டது, இந்த முறையும் ஈண்டது.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தெள்ளு நாயில் இருப்பது கொஞ்சம்தான். முட்டையும் புழுவும் எல்லாம் நாய் படுக்கும் இடத்தில், மணலிலும் சாக்கு மடிப்பிலும் இருக்கும். தாயில் கொல்லக் கொல்ல, சாக்கில் இருந்து புதியது ஏறிக்கொண்டே இருக்கும். சாக்கெல்லாவற்றையும் வெளியே எடுத்து வெயிலில் போட வேண்டும், கொட்டிலைக் கூட்டி அள்ள வேண்டும் என்றேன். வதனி அக்காவின் முகம் விழுந்துவிட்டது. அறுவடை நெருங்குகிறது. கணவர் சாக்குகளை ஓட்டை பார்த்து, தைத்து, எண்ணிக் கட்டி வைத்திருக்கிறார். அதில் கைவைக்க விடமாட்டார். குட்டிகளைக் குசினிப் பக்கம் ஒரு பெட்டிக்குள் மாற்றிப் பார்த்தாராம். ஒரு மணித்தியாலத்துக்குள் றோசி நான்கையும் வாயில் கவ்விக்கொண்டு போய்த் திரும்பவும் சாக்கிலேயே வைத்துவிட்டதாம்.

“கேட்டுப் பாத்தனான், தங்கச்சி. நாய்க்காகச் சாக்குக் கட்டை அவிழ்க்கிற விசரன் நானில்லை எண்டு சொல்லிப்போட்டுப் போட்டார்.”

கொடியேறிய வீட்டில்

கோயில் கொடியேறிவிட்டால் எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் திருவிழா முடியும்வரை மச்சம் சேர்க்க மாட்டார்கள். மீனும் இல்லை, முட்டையும் இல்லை, மச்சம் காய்ச்சும் சட்டி எல்லாம் கழுவிக் கவிழ்த்தாகிவிடும். மனிதருக்கு இது பக்தி. நாய்க்குப் பூச்சிக் குளிசை கொடுக்கிறவருக்கு இது பெரிய சோதனை.

ஒரு அன்ரி கடைக்கு வந்து கதிரையில் இருந்துவிட்டார். அவருடைய நாய் ரைகர் குளிசையை மீன் தலைக்குள் வைத்தால் மட்டும் விழுங்கும். கோயிலிலோ கொடியேறிவிட்டது. வடைக்குள் வைத்திருக்கிறார், ரைகர் வடையைத் தின்றுவிட்டுக் குளிசையைத் துப்பியிருக்கிறது. மோதகத்துக்குள் வைத்திருக்கிறார், பயறும் சர்க்கரையும் போய்விட்டன, குளிசை அப்படியே இருந்தது. வாழைப்பழத்தை அது முகர்ந்து பார்த்துவிட்டு எழும்பிப் போய்விட்டது. திருவிழா முடிந்த பிறகு கொடுக்கலாம், சில நாள் தள்ளிப் போனால் வளர்ந்த நாய்க்குப் பெரிய பாதகம் இல்லை என்று ஆறுதல் சொல்லி அனுப்பினேன்.

மூன்றாம் நாளே மலர்ந்த முகத்தோடு வந்தார். பக்கத்து வீடு வேதக்கார வீடு, கிறிஸ்தவர்கள். அங்கே மீன் பொரித்த வாசத்துக்கு ரைகர் வேலிக்குள்ளால் நுழைந்திருக்கிறது. அன்ரி ஓடிப்போய்க் குளிசையை வேலிக்கு மேலால் கொடுத்திருக்கிறார். மற்றதை அந்த வீட்டு அக்கா பார்த்துக்கொண்டாராம்.

“எங்கட ரைகர் சுத்த சைவம், பிள்ளை. விரதம் முறிக்கிறதெண்டால் வேலிக்கு அங்கால போய்த்தான் முறிக்கும்.”

எட்ட நின்று கொடுக்கும் சம்பளம்

றபீக் நானாவுக்கு முல்லைத்தீவுப் பக்கம் கச்சான் தோட்டம், நிலக்கடலை. இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்து, பிறகு திரும்பி வந்து காணியைத் துப்புரவாக்கி நட்டவர். கச்சான் விளைந்ததும் பன்றி வந்து கிளறத் தொடங்கியது. ஒரு நாய் தானாக வந்து தோட்டத்தில் தங்கி, பன்றியைத் துரத்தத் தொடங்கியது. காவலுக்கு நாய் வைத்திருக்கலாம், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் நாயின் வாய்த் தண்ணி உடம்பில் படக் கூடாது; பட்டால் பல முறை கழுவித்தான் தொழ வேண்டும் என்று எனக்கு நிதானமாக விளக்கினார். நாய்க்கோ பூச்சி. மெலிந்துகொண்டு போகிறது. வாயைத் திறந்து குளிசை வைக்கிற வேலை அவரால் ஏலாது.

நான் யோசித்தேன். மாட்டிறைச்சியை நன்றாக அரிந்து, மூன்று உருண்டை பிடித்து, நடு உருண்டைக்குள் குளிசையை வைத்து, தேக்கிலையில் வரிசையாக வைத்துவிட்டு எட்ட நில்லுங்கோ என்றேன். முதல் உருண்டை நம்பிக்கைக்கு, இரண்டாவது மருந்துக்கு, மூன்றாவது இருக்கிறதைக் கண்டால் இரண்டாவதை மெல்லாமல் விழுங்கும். நானா இதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். பிறகு ஒருநாள் தீன் வாங்க வந்தபோது, ஒரு பை கச்சான் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார்.

“சொன்ன மாதிரியே விழுங்கிட்டான், தங்கச்சி. அவன் கிட்ட நிண்டு காவல் பாக்கிறான், நான் எட்ட நிண்டு சம்பளம் குடுக்கிறன். ரெண்டு பேருக்கும் ஒரு மனக்குறையும் இல்லை.”

எழுபது கிலோ

அன்று ரஜனி அக்கா தீன் லொறியில் வந்த மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாறமும் சட்டையுமாக ஒரு பெரிய ஆள் வந்து, ஒரு கையால் இடுப்பைச் சொறிந்தபடி, “தெள்ளுக்கு ஒரு மருந்து தாங்கோ” என்றார்.

“எத்தினை கிலோ?” என்றேன், பழக்கத்தில்.

“எழுவது இருக்கும்.”

எழுபது கிலோ நாயை நான் கேள்விப்பட்டதில்லை. நிமிர்ந்து பார்த்தேன்.

“நாயில்லை, தங்கச்சி. நான்தான்.”

ரஜனி அக்கா மூட்டைகளுக்குப் பின்னால் மறைந்தார். மூட்டைகள் குலுங்கின. அந்த ஆள் சட்டையை ஒதுக்கி, இடுப்பைச் சுற்றிச் சிவந்து தடித்திருந்த இடங்களைக் காட்டினார். மத்தியானம் கொட்டிலில் சாக்குக் கட்டின் மேல் சரிந்து கொஞ்சம் கண் அயர்ந்தாராம். எழும்பும்போது இப்படி.

“வட்டக்கச்சியோ, அண்ணை?”

“ஓம்.”

“வதனி அக்கா வீடோ?”

அவர் சொறிவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “அந்தச் சீப்பால வாரச் சொன்ன பிள்ளை நீங்களோ?”

வழக்கமாக இந்த இடத்தில் நான் ரஜனி அக்காவைத் தேடுவேன். அவர் மூட்டைக்குப் பின்னால் இருந்து வெளியே வரும் நிலையில் இல்லை. கடைக்குட்டியின் வெளிறிய முரசு என் கண்ணுக்குள் இருந்தது. மனிதருக்கான மருந்து பார்மசியில்தான் இருக்கு அண்ணை என்று தொடங்கி, கடையில் சேர்ந்த நாளில் இருந்து நான் கதைத்ததெல்லாவற்றையும் சேர்த்தாலும் வராத அளவுக்குக் கதைத்தேன். “உங்களைக் கடிச்சது றோசியில இருந்து வந்ததில்லை. சாக்குக்குள்ளேயே பொரிச்சது. நாங்கள் றோசிக்கு மருந்து விட, சாக்கில இருந்து புதுசு ஏறுது. உங்களுக்கு அது கடி. றோசிக்கு அது சொறி. அந்தச் சின்னனுக்கு அது இரத்தம், அண்ணை. அதிட்ட அவ்வளவு இரத்தம் இல்லை.”

“சாக்கை எரிக்கச் சொல்லுறியளோ? அறுவடை வருது.”

“எரிக்க வேண்டாம். நல்ல வெயில்ல விரிச்சு, புரட்டி, அடிச்சு உதறினால் காணும். கொட்டில் நிலத்தையும் கூட்டி அள்ளிப்போடுங்கோ. கொஞ்ச நாள் விட்டுத் திரும்பவும் ஒருக்காச் செய்ய வேணும். முட்டை மிஞ்சியிருக்கும்.”

அவர் சட்டையை இழுத்து இறக்கிவிட்டார். “போன முறை அந்த அஞ்சும் அந்தச் சாக்கிலதான் கிடந்ததுகள்” என்றார். பிறகு கேட்டார்: “அப்ப, தாயில பிழை இல்லையோ?”

“இல்லை, அண்ணை. தாயில ஒரு பிழையும் இல்லை.”

எதுவும் வாங்காமல் படியிறங்கினார். மோட்டார் சைக்கிளில் ஏறிச் சாவியைப் போட்டார். பிறகு தலையை மட்டும் திருப்பினார்.

“உந்தச் சாக்குக் கதையை மனிசிக்கு நான் சொல்லுறன். நீங்கள் சொல்லாதேங்கோ.”

தார் வீதி

வதனி அக்கா தொலைபேசியில் அழைத்தபோது அவருடைய குரலிலேயே எனக்குச் செய்தி தெரிந்துவிட்டது. சாக்கை வெயிலில் போட்டபின் தெள்ளு பாதிக்கும் கீழே வந்துவிட்டதாம். வைத்தியரிடம் திரும்பக் கொண்டுபோய்க் காட்ட, கடைக்குட்டியின் முரசு சிவக்கத் தொடங்கிவிட்டது என்று அவர் சொன்னாராம். தாயோடு சேர்ந்து நான்கும் வளவைக் கிளறித் திரிகின்றனவாம். நான் போனைக் காதில் வைத்தபடியே தீன் மூட்டை ஒன்றில் இருந்துவிட்டேன். வதனி அக்கா கடைசியாகச் சொன்னார்: “எல்லாம் சாக்கிலதான் இருந்தது, தங்கச்சி. இவர்தான் கண்டுபிடிச்சவர்.” நான் அப்படியா என்றேன்.

ரஜனி அக்கா என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். இந்தத் தொழிலில் மருந்து நாய்க்கு, விளக்கம் மனிதருக்கு, இரண்டில் விழுங்கக் கஷ்டமானது எது என்று உங்களுக்கே தெரியும்.

பிறகு ஒரு சனிக்கிழமை கடை மத்தியானத்தோடு பூட்டியதால் சித்தி வீட்டுக்குப் போக வட்டக்கச்சி பஸ்ஸில் ஏறினேன். வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. அறுவடைக் காலத்தில் வீதியின் பாதியில் நெல் காயும். சாரதிகள் மற்றப் பாதியால் ஓட்டப் பழகியவர்கள். ஆனால் நெல் இன்னும் வயலில் நிற்க, வீதியில் ஏதோ விரித்திருப்பதைக் கண்டு சாரதி வேகத்தைக் குறைத்தார். எல்லாம் வெறும் சாக்குகள். ஒவ்வொன்றுக்கும் மூலைக்கு மூலை கல் வைத்திருந்தது. வதனி அக்காவின் கணவர் கையில் தடியோடு நின்று அவற்றை அடித்து உதறிக்கொண்டிருந்தார். இது இரண்டாவது முறை. வேலியோரத்து வேம்புக்குக் கீழே வதனி அக்கா குந்தியிருந்தார். அவருக்குப் பக்கத்தில் நான்கு குட்டிகள் ஒரு சிரட்டைக்காக இழுபட்டன. எண்ணினேன். திரும்பவும் எண்ணினேன். நான்குதான்.

றோசி வீதியில், சூடேறிய ஒரு சாக்கின் நடுவே, பஸ் போக வேண்டிய பக்கத்தில் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தது. சாரதி ஹோர்ன் அடித்தார். றோசி ஒரு காதை மட்டும் அசைத்தது.

“என்னண்ணை, நாயையும் சேர்த்தோ காயப் போட்டிருக்கிறியள்?” என்று சாரதி கத்தினார். பஸ் முழுக்கச் சிரித்தது.

அவர் சிரிக்கவில்லை. தடியை வேலியில் சாத்தி வைத்தார். குனிந்து, றோசியை இரண்டு கையாலும் தூக்கி, மார்போடு அணைத்துப் படலைக்குள் கொண்டுபோய் நிழலில் இறக்கிவிட்டு, திரும்பி வந்து சாக்கை ஓரமாக இழுத்து பஸ்ஸுக்கு வழிவிட்டார்.